குடியை விட உதவும் ஏ.ஏ. கூட்டத்தை உங்கள் ஊரில் கண்டுபிடிப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

குடியை விட வேண்டும், தனியாக முடியவில்லை என்று ஒருவர் வாய் திறந்து சொன்னால் நம் ஊரில் உடனே வரும் பதில், "ஏதாவது சென்டர்ல சேர்த்துவிடுங்க" என்பதுதான். மருத்துவமனையும் மறுவாழ்வு மையமும் தேவைப்படுகிறவர்கள் நிச்சயம் இருக்கிறார்கள். ஆனால் அங்கே சில வாரங்கள் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்த பிறகு என்ன செய்வது? பணமோ லீவோ இல்லாமல் எங்கேயும் சேர முடியாதவர் என்ன செய்வது? இந்த இரண்டு பேருக்கும் வருடக்கணக்கில் துணை நிற்கக்கூடியது, வாரந்தோறும் மாலையில் நடக்கும் ஒரு சின்னக் கூட்டம். கட்டணம் கிடையாது, பதிவேடு கிடையாது, யாரும் உங்கள் ஊர், சாதி, சம்பளம் கேட்கமாட்டார்கள். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ., நடத்தும் கூட்டங்கள் அவை.

தமிழ்நாட்டின் பல ஊர்களில் இந்தக் கூட்டங்கள் நடக்கின்றன. பெரிய போர்டு வைத்து நடத்துவதில்லை என்பதால், அடுத்த தெருவில் நடந்தாலும் தெரியாமல் போகலாம். எப்படித் தேடுவது, போனில் என்ன கேட்பது, உள்ளே என்ன நடக்கும் என்பதை விரிவாகச் சொல்கிறேன். ஒன்றை மட்டும் இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: முகவரி கிடைத்ததும் தேடல் முடிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். அந்தக் கூட்டத்துக்கு வழக்கமாக வரும் ஒருவரிடம் போனில் பேசி, "நான் வாசல்ல நிக்கிறேன், வாங்க" என்று அவர் சொன்ன பிறகுதான் முடிந்தது. முகவரியை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்புகிறவர் பூட்டிய கேட்டைப் பார்த்தோ, உள்ளே நுழையக் கூச்சப்பட்டோ திரும்பிவிடுவார். திரும்பும் வழியில் டாஸ்மாக் திறந்தே இருக்கும்.

முதலில் உடம்பைக் கவனியுங்கள்

கூட்டத்தைத் தேடுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். தினமும் நிறையக் குடிக்கிறவர், காலையில் கை நடுக்கம் அடங்கவே ஒரு கட்டிங் போட வேண்டியிருக்கிறவர், திடீரென்று ஒரே நாளில் நிறுத்துவது ஆபத்து. கடைசியாகக் குடித்த 6 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாள் முதல் நான்காம் நாள் வரை இன்னொரு கண்டம் இருக்கிறது: இல்லாத ஆளைப் பார்த்துப் பேசுவது, சுவரில் பூச்சி ஊர்வதாகச் சொல்வது, இடமும் நேரமும் தெரியாமல் போவது, காய்ச்சல், படபடப்பு, கொட்டும் வியர்வை. இதை மருத்துவர்கள் டெலிரியம் ட்ரெமன்ஸ் என்பார்கள். உயிரையே எடுக்கக்கூடிய நிலை இது. பேய் பிடித்துவிட்டது என்று கோயிலுக்கு அழைத்துப்போய் நேரத்தைக் கடத்தாதீர்கள், 108க்குப் போன் செய்யுங்கள்.

முன்பு எப்போதாவது குடியை நிறுத்தியபோது வலிப்பு வந்திருந்தாலோ, தினமும் குடிப்பவராக இருந்தாலோ, முதலில் மருத்துவரைப் பாருங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநல மருத்துவப் பிரிவு இருக்கிறது. சென்னையில் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை இருக்கிறது. நடுக்கத்தைக் கட்டுப்படுத்தச் சில நாட்களுக்கு அளவைக் குறைத்துக்கொண்டே வரும் மாத்திரையும், தயாமின் என்ற பி1 வைட்டமினும் கொடுப்பார்கள். இன்னொரு விஷயம். மயக்கமாக இருக்கிறது என்று பக்கத்து கிளினிக்கில் குளுக்கோஸ் ஏற்றப் போனால், குடிக்கிறவர் என்பதைத் தயவுசெய்து மறைக்காதீர்கள். நீண்ட நாள் குடித்த உடம்பில் தயாமின் குறைந்திருக்கும். அதைக் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம்.

ஏ.ஏ. கூட்டம் மருத்துவத்துக்கு மாற்று அல்ல. இரண்டும் சேர்ந்தே நடக்கலாம். மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே கூட்டத்துக்குப் போகிறவர்கள் நிறையப் பேர்.

எந்தக் கூட்டம் உங்களுக்கு?

ஏ.ஏ. 1935இல் அமெரிக்காவின் ஓஹியோ மாநிலத்தில், ஆக்ரன் என்ற ஊரில் தொடங்கியது. பில் என்ற பங்குச்சந்தைக்காரரும் பாப் என்ற அறுவை சிகிச்சை மருத்துவரும் சந்தித்துப் பேசியதுதான் ஆரம்பம். இருவருமே குடியால் சீரழிந்தவர்கள். ஊர் சொல்லி, மனைவி சொல்லி, டாக்டர் சொல்லிக் கேட்காத ஒருவர், தன்னைப் போலவே குடித்துக் கெட்ட இன்னொருவர் பேசினால் உட்கார்ந்து கேட்கிறார் என்பதை அவர்கள் அனுபவத்தில் கண்டார்கள். அதன் வேலை இன்றைக்கும் அவ்வளவுதான். இந்தியாவுக்கு 1950களிலேயே வந்துவிட்டது.

சேர ஒரே ஒரு தகுதி போதும்: குடியை நிறுத்த வேண்டும் என்ற ஆசை. நிறுத்தியிருக்க வேண்டும் என்பதுகூட இல்லை.

இது உண்மையிலேயே பலன் தருமா என்று கேட்பவர்களுக்கு: மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2020இல் 27 ஆய்வுகளையும் 10,000க்கும் மேற்பட்டோரின் விவரங்களையும் சேர்த்துப் பார்த்தது. ஏ.ஏ.வில் ஈடுபடவைக்கும் முறையான சிகிச்சை, தொடர்ந்து குடிக்காமல் இருக்க உதவுவதில் மற்ற உளவியல் சிகிச்சைகளுக்குச் சமமாகவோ கொஞ்சம் மேலாகவோ இருந்தது. எல்லாருக்கும் இது ஒத்துவரும் என்று சொல்லவில்லை. காசில்லாமல் கிடைக்கும் ஒன்று இந்த அளவுக்குப் பலன் தருகிறது என்றால் முயன்று பார்ப்பதில் நஷ்டமில்லை என்கிறேன்.

கடவுள் விஷயம் பலரைத் தயங்க வைக்கும். குடியிலிருந்து மீள ஏ.ஏ. வகுத்திருக்கும் 12 படிகளில் கடவுள் என்ற சொல் வருகிறது, 'நாம் புரிந்துகொண்ட அளவில்' என்ற விளக்கத்தோடு. சர்ச் வளாகத்தில் கூட்டம் நடந்தால் "மதம் மாத்திடுவாங்களா?" என்று வீட்டில் கேட்பார்கள். சர்ச்சும் பள்ளிக்கூடமும் குறைந்த வாடகைக்கு இடம் தருகின்றன, விஷயம் அவ்வளவுதான். உள்ளே நெற்றி நிறையத் திருநீறு பூசியவரும் தொப்பி போட்டவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். கடவுள் மறுப்பாளர்களும் வருகிறார்கள். தங்களை மீறிய சக்தி என்று குழுவையே எடுத்துக்கொள்கிறார்கள். அந்தச் சொல் உறுத்தினால் அதைத் தாண்டிப் போய், மனிதர்கள் பேசுவதைக் கேளுங்கள்.

அப்படியும் ஒத்துவரவில்லை என்றால் வேறு வழிகள் உண்டு. ஸ்மார்ட் ரிகவரி என்ற அமைப்பு கடவுள், படிகள் எதுவும் இல்லாமல், மனப்பயிற்சிகளை வைத்து ஆன்லைனில் கூட்டம் நடத்துகிறது. பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். சிகிச்சை மையங்கள் சில, சிகிச்சை முடித்தவர்களைத் தொடர்ந்து வரவழைத்து உட்காரவைத்துப் பேசும். சென்னை இந்திரா நகரில், சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை இந்தத் துறையில் நாட்டின் முன்னோடிகளில் ஒன்று. கஞ்சா, மாத்திரை, ஊசி என்று வேறு பழக்கமும் இருந்தால் நார்கோட்டிக்ஸ் அனானிமஸ் என்ற தனி அமைப்பு இருக்கிறது. குடிப்பவரின் குடும்பத்துக்கு இருப்பது அல்-அனான். அதைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன்.

தேடும் இடங்கள்

இணையத்தில் 'ஏ.ஏ. இந்தியா' என்று தேடினால் மும்பையில் இருக்கும் அவர்களுடைய பொதுச் சேவை அலுவலகத்தின் தளம் கிடைக்கும். உதவி எண்ணும் கூட்டங்களின் விவரமும் அங்கே இருக்கும். கவனிக்க வேண்டியது: வெறுமனே 'குடியை நிறுத்த' என்று தேடினால் முதலில் வந்து நிற்பவை தனியார் மையங்களின் விளம்பரங்கள். அந்த எண்ணுக்குப் போன் செய்தால் "பேஷண்ட் எங்க இருக்காரு, வண்டி அனுப்புறோம்" என்பார்கள். ஏ.ஏ.வில் யாரும் வண்டி அனுப்பமாட்டார்கள். எடுத்ததுமே பேக்கேஜ், அட்வான்ஸ் என்று பேச்சு வந்தால் நீங்கள் பேசிக்கொண்டிருப்பது வேறு இடம், வைத்துவிடுங்கள்.

இரண்டாவது வழி மருத்துவமனை. என் அனுபவத்தில் சிறிய ஊர்களுக்கு இதுதான் நம்பகமானது. மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கோ போதை மீட்பு வார்டுக்கோ போய், டாக்டரைவிட அங்கிருக்கும் ஆலோசகரையோ சமூகப் பணியாளரையோ நர்ஸையோ கேளுங்கள். ஏ.ஏ. உறுப்பினர்கள் நோயாளிகளிடம் பேச இப்படிப்பட்ட வார்டுகளுக்கு வந்துபோவது வழக்கம். "இங்க ஏ.ஏ.காரங்க வருவாங்களா சிஸ்டர்? அவங்க நம்பர் இருக்கா?" என்று கேட்டாலே போதும்.

மூன்றாவது, அரசின் தொலைபேசி சேவைகள். 14446 என்பது மத்திய சமூகநீதி அமைச்சகத்தின் போதை மீட்பு உதவி எண், கட்டணம் கிடையாது. 14416 என்பது டெலி மானஸ் மனநல உதவி எண். 2022 அக்டோபரில் தொடங்கியது, 24 மணி நேரமும் இயங்குகிறது, தமிழில் பேசலாம். இவர்களிடம் உங்கள் ஊர் ஏ.ஏ. கூட்டத்தின் விவரம் கையில் இருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் நடு ராத்திரியில் மனது தாங்காமல் தவிக்கும்போது எடுத்துப் பேச ஒரு குரல் இருக்கிறது. இலங்கையில் இருப்பவர்கள் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 எண்ணை அழைக்கலாம்.

அப்புறம் பழைய முறைகள். ஆங்கில நாளிதழ்களில் உள்ளூர் நிகழ்ச்சிகள் பகுதியில் ஏ.ஏ. கூட்டத்தின் இடமும் நேரமும் ஒற்றை வரியில் வருவதுண்டு. பஸ் ஸ்டாண்டு, ஆஸ்பத்திரிச் சுவர், ரயில் நிலையம் போன்ற இடங்களில் ஒட்டியிருக்கும் சின்ன ஸ்டிக்கரைக் கவனியுங்கள். உங்கள் பகுதிப் பங்குத் தந்தையிடம் கேட்டால், எந்தச் சர்ச் ஹாலில் எந்தக் கிழமை நடக்கிறது என்று சொல்லிவிடுவார். நீங்கள் கிறிஸ்தவராக இருக்க வேண்டியதில்லை.

பட்டியலில் பார்த்த நேரத்தை அப்படியே நம்பிவிடாதீர்கள். கூட்டங்கள் தன்னார்வலர்களால் நடப்பவை. பள்ளித் தேர்வு, சர்ச் திருவிழா, வாடகைப் பிரச்சினை என்று இடமும் கிழமையும் மாறும், பட்டியல் மாறாமலே கிடக்கும். அதனால்தான் அடுத்த கட்டத்தை விடவே கூடாது.

அந்த ஒரு போன் கால்

பலர் எண்ணைப் போட்டுவிட்டு, எடுத்ததும் வைத்துவிடுவார்கள். என்ன பேசுவது என்று தெரியாததுதான் காரணம். பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் போகும்:

"ஏ.ஏ. நம்பருங்களா?"

"ஆமாங்க, சொல்லுங்க."

"கொஞ்சம் குடிப் பிரச்சினைங்க... எனக்குத்தான்."

"சரிங்க. நானும் குடிநோயாளிதான். எந்தப் பக்கம் இருந்து பேசுறீங்க?"

"பேரு சொல்லணுமா அண்ணே?"

"எந்தப் பேரு சொல்லத் தோணுதோ அதைச் சொல்லுங்க தம்பி. இன்னைக்குக் குடிச்சிருக்கீங்களா?"

"காலையில கொஞ்சம்."

"பரவாயில்ல. கை ரொம்ப நடுங்குதா? டாக்டரைப் பாத்தீங்களா?"

இதற்கு மேல் நீங்கள் சும்மா இருந்தாலும் அவர் பேசுவார். தான் குடித்த கதையைக் கொஞ்சம் சொல்வார். அறிவுரை மாதிரி இருக்காது. போன் எடுத்தவர் வேறு ஊர்க்காரராக இருந்தால், உங்கள் பக்கத்தில் இருக்கும் ஒருவரின் எண்ணைத் தரச் சொல்லிக் கேளுங்கள். தேடலில் பாதி இந்தக் கைமாற்றலில்தான் முடியும்.

வைப்பதற்கு முன் சில விஷயங்களைத் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். இந்த வாரம் கூட்டம் உண்டா, எத்தனை மணிக்கு, தமிழிலா ஆங்கிலத்திலா? பெரிய நகரங்களில் இரண்டு மொழியிலும் தனித்தனியாக நடப்பதுண்டு. ஓப்பன் மீட்டிங்கா, குளோஸ்டு மீட்டிங்கா? ஓப்பன் என்றால் மனைவி, அண்ணன், நண்பர் யாரையும் அழைத்துப்போகலாம். குளோஸ்டு என்றால் குடிப் பிரச்சினை இருப்பவர்கள் மட்டும். வளாகத்துக்குள் எந்தக் கட்டடம், எந்தக் கேட், பக்கத்தில் என்ன கடை? கடைசியாக, "வாசல்ல யாராவது இருப்பாங்களா?" என்று கேளுங்கள். "நான் இருக்கேன்" என்ற பதில் வந்தால், வண்டி நம்பரோ சட்டை நிறமோ சொல்லி வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு எண்களை முயன்றும் எடுக்கவில்லை என்றால் மனம் உடைய வேண்டாம். அவர்களும் வேலைக்குப் போகிறவர்கள். சாயங்காலம் 6 மணிக்கு மேல் அழையுங்கள், அல்லது 'ஏ.ஏ. கூட்டம் பற்றிக் கேட்க வேண்டும்' என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்புங்கள்.

எதைத் தேர்ந்தெடுப்பது

பக்கத்தில் ஒன்று மட்டும்தான் இருக்கிறது என்றால் யோசிக்கவே வேண்டாம். சென்னை, கோவை, மதுரை மாதிரி பெரிய ஊர் என்றால் ஒன்றுக்கு மேல் கிடைக்கும். தெரிந்தவர் யாராவது பார்த்துவிட்டால் என்ன செய்வது என்று பயப்படுகிறவர்கள் இரண்டு பஸ் ஸ்டாப் தள்ளி இருக்கும் கூட்டத்துக்குப் போகலாம். உண்மையில் உள்ளே உங்களைப் பார்க்கும் தெரிந்தவரும் அதே காரணத்துக்காகத்தான் அங்கே உட்கார்ந்திருப்பார். ஆனால் முதல் நாளில் இந்தச் சமாதானம் எடுபடாது, அதனால் தூரமாகவே போங்கள்.

என் கருத்தில் நேரம்தான் தூரத்தைவிட முக்கியம். உங்களுக்கு எந்த நேரத்தில் கால் தானாகக் கடைப்பக்கம் திரும்புமோ, அந்த நேரத்தில் நடக்கும் கூட்டத்தைப் பாருங்கள். டாஸ்மாக் மதியம் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு மூடுகிறது. வேலை முடிந்து கையில் காசோடு வெளியே வரும் மாலைதான் பலருக்குச் சோதனை. கூட்டங்களும் அந்த மாலை வேளையில்தான் அதிகம். சனிக்கிழமைச் சம்பளக்காரர் என்றால் சனிக்கிழமைக் கூட்டத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

போகும் நாளில்

வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். பசியும் சோர்வும் குடி ஆசையைக் கிளப்பிவிடும். 15 நிமிடம் முன்னதாகப் போய்விட்டால் நாற்காலி போடும் ஆட்களோடு பேச்சுக் கொடுக்க முடியும். தாமதமாகப் போனால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பது போல இருக்கும். அன்றைக்குக் குடிக்காமல் போவது நல்லது. குடித்துவிட்டீர்கள் என்றாலும் போகலாம், பேசாமல் உட்கார்ந்து கேட்டால் போதும். அன்று வண்டி மட்டும் ஓட்டாதீர்கள்.

பெரும்பாலும் ஒரு வகுப்பறை அல்லது சின்ன ஹால். கரும்பலகையில் காலையில் எழுதிய கணக்கு அழிக்காமலே இருக்கும். மேசைமேல் ஒரு துணியை விரித்து, அதன்மேல் சில புத்தகங்களும் துண்டுப் பிரசுரங்களும் வைத்திருப்பார்கள். சுவரில் 12 படிகளும், குழு எப்படி நடக்க வேண்டும் என்று சொல்லும் 12 மரபுகளும் எழுதிய இரண்டு பேனர்கள் தொங்கும். நாற்காலிகள் அரை வட்டமாகவோ வரிசையாகவோ இருக்கும். பத்துப் பேர் இருந்தால் அது நல்ல கூட்டம். ஐந்து பேரோடும் நடக்கும்.

முதலில் சில நொடிகள் மௌனம், ஒரு சின்னப் பிரார்த்தனை, பிறகு ஏ.ஏ. என்றால் என்ன என்று ஒரு பத்தி வாசிப்பார்கள். அப்புறம் ஒவ்வொருவராகப் பேசுவார்கள். இதை ஷேரிங் என்பார்கள். "என் பேரு இன்னது, நான் ஒரு குடிநோயாளி" என்று தொடங்கி, எப்படிக் குடித்தேன், என்ன ஆயிற்று, இப்போது எப்படி இருக்கிறேன் என்று சொல்வார்கள். பெண்டாட்டி தாலியை அடகு வைத்ததை, மகளின் பள்ளி விழாவுக்குப் போதையில் போய் நின்றதை, ஒரு மனிதர் எந்த நடிப்பும் இல்லாமல் சாதாரணக் குரலில் சொல்லிக்கொண்டு போவார். நடுவில் யாரும் குறுக்கிட மாட்டார்கள், திருத்த மாட்டார்கள், "நீ இப்படிச் செஞ்சிருக்கலாம்" என்று சொல்ல மாட்டார்கள். முடித்ததும் ஒரு நன்றி, அவ்வளவுதான். நம் ஊரில் ஒரு ஆண் தன் வெட்கத்தை மற்ற ஆண்கள் முன்னால் இப்படி எடுத்து வைப்பதை வேறெங்கும் பார்ப்பது அரிது. இந்தக் கூட்டங்களின் பலம் இங்கேதான் இருக்கிறது என்று நம்புகிறேன்.

புதிதாக யாராவது வந்திருக்கிறார்களா என்று கேட்பார்கள். கையைத் தூக்கலாம், தூக்காமலும் இருக்கலாம். பேசச் சொன்னால் "இன்னைக்குக் கேட்டுக்கிறேன்" என்றால் போதும், யாரும் வற்புறுத்தமாட்டார்கள். ஒரு பை சுற்றி வரும். வாடகைக்கும் டீக்கும் உறுப்பினர்கள் போடும் காசு அது. வெளியாரிடம் நன்கொடை வாங்குவதில்லை என்பது அவர்கள் மரபு. புதியவர் போட வேண்டியதில்லை. பையைப் பக்கத்தில் இருப்பவருக்கு நகர்த்திவிடுங்கள். ஒன்று முதல் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். அங்கே பார்த்த முகத்தையும் கேட்ட கதையையும் வெளியே சொல்லக்கூடாது, இது ஒன்றுதான் உங்கள் பக்கக் கடமை.

முடிந்ததும் ஓடிவிடாதீர்கள்

கூட்டம் முடிந்து டீ குடிக்கும் பத்து நிமிடம், கூட்டத்தைவிடக் குறைந்ததல்ல. குறைந்தது இரண்டு மூன்று பேரின் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். யார் பேசியது உங்கள் கதை போலவே இருந்ததோ அவரிடம் முதலில் போங்கள். கூட்டம் வாரத்துக்கு ஒரு நாள், ஆனால் குடி ஆசை கூட்ட நாள் பார்த்து வராது. அந்த நேரத்தில் கூப்பிடத்தான் இந்த எண்கள். "அண்ணே, கடை வாசல்ல நிக்கிறேன்" என்று போன் செய்தால் திட்ட மாட்டார்கள். அதே வாசலில் நின்றவர்கள் அவர்கள்.

சில வாரம் போனதும் ஸ்பான்சர் என்ற சொல்லைக் கேட்பீர்கள். பல வருடங்களாகக் குடிக்காமல் இருக்கும் ஒருவர், படிகளைப் புரிந்துகொள்ள உங்களுக்கு வழிகாட்டுவார். ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண் என்பது பொது வழக்கம். அவசரப்பட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டாம். பேச்சுத் திறமையைப் பார்க்காமல், வீட்டில் அவர் எப்படி இருக்கிறார் என்று விசாரித்துப் பாருங்கள்.

முதல் கூட்டம் பிடிக்காமல் போகலாம். ஒரே ஆள் அரை மணி நேரம் பேசியிருப்பார், ஹாலில் ஃபேன் ஓடியிருக்காது, எல்லாரும் வயதானவர்களாகத் தெரிந்திருப்பார்கள். ஒரு கூட்டத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள். ஆறு கூட்டம் உட்காருங்கள், முடிந்தால் வேறு வேறு குழுக்களில். ஒவ்வொரு குழுவின் குணமும் வேறு.

நடுவில் ஒருநாள் குடித்துவிட்டால், அதை அவர்கள் ஸ்லிப் என்பார்கள். அதோடு வராமல் நின்றுவிடுகிறவர்கள்தான் அதிகம், எந்த முகத்தோடு போவது என்று. அடுத்த கூட்டத்துக்கே போய், குடித்துவிட்டேன் என்று சொல்லுங்கள். அந்த அறையில் பலருக்கு அது நடந்திருக்கிறது.

பெண்கள்

குடிக்கிற பெண்ணுக்குக் கதவைத் தட்டுவதே பெரிய பாடு. ஊர்ப்பக்கக் கூட்டங்களில் எல்லாரும் ஆண்களாகவே இருக்கலாம். போனில் பேசும்போதே "பெண்கள் யாராவது வர்றாங்களா? பெண் உறுப்பினர் ஒருத்தர்கிட்ட பேச முடியுமா?" என்று கேளுங்கள். உங்கள் ஊரில் இல்லாவிட்டாலும் வேறு ஊர்ப் பெண் உறுப்பினரின் எண் கிடைக்கும். பெண்களுக்கான ஆன்லைன் கூட்டங்கள் உண்டு. கேமராவை அணைத்துவிட்டு, பெயரை மாற்றி வைத்துக்கொண்டு கேட்கலாம். நேரில் போவதென்றால் முதலில் ஓப்பன் மீட்டிங்குக்கு அக்காவையோ தோழியையோ கூட்டிப்போங்கள். உறுப்பினர் என்ற பெயரில் யாராவது அளவுக்கு மீறி நெருங்கினால், இரவில் தனியாகச் சந்திக்கக் கூப்பிட்டால், சகித்துக்கொள்ளாதீர்கள். குழுவின் மூத்தவர்களிடம் சொல்லுங்கள், வேறு குழுவுக்கு மாறிக்கொள்ளுங்கள்.

குடும்பத்தினர் தேடுகிறீர்கள் என்றால்

இந்த வழிகாட்டியைப் படிப்பவர்களில் பாதிப் பேர் மனைவியாக, அம்மாவாக, தங்கையாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அவரை இழுத்துக்கொண்டு போய் உட்கார வைத்துவிடலாம் என்று நினைக்கிறீர்கள். குண்டுக்கட்டாகக் கொண்டுபோனால் பலன் இருக்காது. அவர் தெளிவாக இருக்கும் காலை நேரத்தில், முந்தின இரவு நடந்ததைச் சண்டை இல்லாமல் சொல்லி, "ஒரு தடவை போன்ல மட்டும் பேசிப் பாருங்க" என்று எண்ணைக் கொடுத்துப் பாருங்கள். ஓப்பன் மீட்டிங் என்றால் கூடவே போகலாம்.

அவர் வரவே மறுத்தாலும் நீங்கள் போக ஓர் இடம் இருக்கிறது: அல்-அனான். ஏ.ஏ. நிறுவனர் பில்லின் மனைவி லோயிஸும் அவருடைய தோழியும் 1951இல் தொடங்கிய குடும்பத்தாருக்கான அமைப்பு. குடிப்பவரின் பிள்ளைகளில் பதின்ம வயதினருக்கு அல்-அட்டீன். பல இடங்களில் ஏ.ஏ. கூட்டம் நடக்கும் அதே வளாகத்தில் பக்கத்து அறையில் அல்-அனான் நடக்கும்; போனில் இதையும் விசாரியுங்கள். அவர் குடியை விட்டாலும் விடாவிட்டாலும் நீங்கள் எப்படி நிம்மதியாக வாழ்வது என்பதைத்தான் அங்கே பேசுவார்கள். அடி உதை இருக்கிற வீடு என்றால் கூட்டத்தைத் தேடுவது பிறகு, முதலில் 181 பெண்கள் உதவி எண்ணை அழையுங்கள்.

'தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள், குடியை மறந்துவிடுவார்' என்று விற்கும் பொடியை வாங்கவே வாங்காதீர்கள். இப்படிக் கலந்து கொடுப்பதில் டைசல்ஃபிராம் மருந்தும் இருக்கக்கூடும். அந்த மருந்து உடம்பில் இருக்கும்போது குடித்தால் வாந்தி, மூச்சுத்திணறல், ரத்த அழுத்தம் விழுவது என்று போய் உயிர்கூடப் போகலாம். மருத்துவர் பார்த்து, குடிப்பவரின் சம்மதத்தோடு மட்டுமே கொடுக்க வேண்டிய மருந்து அது.

இவை இருந்தால் விலகுங்கள்

கட்டணம் கேட்டால் அது ஏ.ஏ. இல்லை. மனநல மாத்திரையை நிறுத்து என்று எந்த உறுப்பினர் சொன்னாலும் கேட்காதீர்கள். மருத்துவர் வேலையைச் செய்வது அவர்கள் வழக்கத்துக்கே எதிரானது. கூட்டத்தில் கடன் கேட்பவர், சீட்டுப் பிடிப்பவர், இன்ஷூரன்ஸ் விற்பவர், கட்சிக்கு ஆள் சேர்ப்பவர் யாராக இருந்தாலும் தள்ளி நில்லுங்கள். மையத்தில் சேர்ப்பதாக இருந்தால், அது மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்றதா என்று கேளுங்கள். 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டத்தின்கீழ் குடிநோயாளிக்கும் உரிமைகள் உண்டு. கட்டிவைப்பதும் அடிப்பதும் வீட்டாரைப் பார்க்கவிடாமல் வைப்பதும் சிகிச்சை ஆகாது.

ஊரில் கூட்டமே இல்லையா?

சிற்றூர்களில் இது நடக்கும். அப்போது ஆன்லைன் கூட்டம் கைகொடுக்கும். 2020க்குப் பிறகு தமிழிலும் ஆன்லைன் கூட்டங்கள் பெருகின. வளைகுடாவில் கேம்ப்பில் தங்கி வேலை பார்ப்பவர்கூடக் கட்டிலில் இருந்தபடி காதில் மாட்டிக்கொண்டு கேட்கலாம். இணைப்பை ஏ.ஏ. உதவி எண்ணிலேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கூடவே மாதம் ஒரு தடவையாவது பக்கத்து நகரத்துக்கு பஸ் ஏறிப்போய் நேரில் உட்காருங்கள்.

அங்கே போகப் போக உங்கள் பக்கத்து ஊர்க்காரர் ஒருவரைச் சந்திப்பீர்கள். இரண்டு மூன்று குடிநோயாளிகள் குடிக்காமல் இருப்பதற்காக ஒன்றுகூடினாலே அதை ஏ.ஏ. குழு என்று சொல்லிக்கொள்ளலாம், வேறு எந்த அமைப்போடும் அது சேர்ந்திருக்கக் கூடாது என்பது மட்டும் நிபந்தனை. யாரிடமும் லைசென்ஸ் வாங்க வேண்டாம். பள்ளித் தலைமை ஆசிரியரிடமோ நூலகரிடமோ வாரத்தில் ஒரு மாலைக்கு ஓர் அறை கேளுங்கள். பக்கத்து நகரக் குழுவில் தமிழ்ப் புத்தகங்களும் பிரசுரங்களும் கிடைக்கும், முதல் சில வாரங்களுக்கு மூத்த உறுப்பினர்கள் வந்து நடத்தித் தருவார்கள். கிழமையையும் நேரத்தையும் முடிவு செய்ததும் மும்பை அலுவலகத்துக்கும் மாவட்ட மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கும் தெரிவித்துவிடுங்கள். தொடர்பு எண்ணாக, மாலையில் போனை எடுக்கக்கூடிய ஒருவரின் எண்ணைக் கொடுங்கள். இடமோ நேரமோ மாறினால் அன்றைக்கே சொல்லித் திருத்த வையுங்கள்.